எல்லையோரப் பள்ளிகள் – 6: மார்டள்ளியில் முதல் மணி

சென்ற வாரம் தாளவாடியில் இருந்தோம். தமிழ்நாட்டுக்குள் கன்னடம் பேசும் பிள்ளைகள். காட்டைச் சுற்றிக்கொண்டு கர்நாடகத்திலுள்ள மார்டள்ளிக்கு வந்தால் அதே கதைதான்; மொழி மட்டும் இடம் மாறியிருக்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெருவாரியாக வாழும் ஊர் இது. பழைய ஆட்கள் இன்னமும் மைசூர் ஜில்லா என்பார்கள்; 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. அதற்கும் முன்னால், 1956 வரை, இந்த ஊர் சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா முழுவதும் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அந்த வருடம் நவம்பர் 1-ம் தேதி தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போனது. யாரும் வீடு மாறவில்லை, அடுப்படிப் பேச்சு மாறவில்லை. பிள்ளைகளின் பாடப்புத்தகம்தான் மாற வேண்டியதாயிற்று.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்து தருவதை ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பாக்கியது. எல்லையை நகர்த்தியவர்களே எல்லைக்கு அப்பால் சிக்கப்போகும் குழந்தைகளையும் நினைத்திருக்கிறார்கள். அதை நாம்தான் மறந்துவிட்டோம்.

கர்நாடகத்தில் மே மாதக் கடைசியிலேயே பள்ளி திறப்பு வேலை தொடங்கிவிடும். வகுப்பறையைக் கழுவி, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, இனிப்பு கொடுத்துப் பிள்ளைகளை வரவேற்கும் நாளுக்கு ‘பிராரம்போத்ஸவ’ என்று பெயர். மதிய உணவுக்கு அரிசி, பருப்பு வந்துசேர வேண்டும், 2013-ல் தொடங்கிய ‘க்ஷீர பாக்ய’ திட்டத்துக்குப் பால்பவுடர் வர வேண்டும், சீருடை, புத்தகம். வருமானச் சான்று, ஜாதிச் சான்றுக்குப் பெற்றோர் ‘நாடகச்சேரி’ எனும் வருவாய் அலுவலகத்தில் வரிசையில் நிற்பதும் இதே நாட்களில்தான். நல்ல ஏற்பாடுகள். பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அறிந்து செய்யப்பட்டவை.

ஆனால் முதல் வகுப்பில் உட்காரும் ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் மணி அடித்ததும் காதில் விழுவது எந்த மொழி? வீட்டில் அது குடித்தது பால். பள்ளியில் தருவது ‘ஹாலு’. பல் ‘ஹல்லு’, பத்து ‘ஹத்து’, புலி ‘ஹுலி’. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது இரண்டு மொழிகளும் அறிந்த ஆசிரியருக்கு ஒரு வாரப் பாடம். விளையாட்டாகவே சொல்லித் தரலாம். ஊர்ப்பெயர்களில் வரும் ‘ஹள்ளி’கூட நம் ‘பள்ளி’தான். இது தெரியாத ஆசிரியர் முன்னால் அந்தக் குழந்தை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். மந்தமான பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டால் அதைத் துடைப்பது எளிதல்ல.

இதற்கான வழியை மைசூர் சீமையே காட்டியிருக்கிறது. 1995-ல் ஹெக்கடதேவனகோட்டை தாலுகாவில் ‘நலி-கலி’ தொடங்கியது. அட்டைகள், படிநிலைகள், அவரவர் வேகத்தில் கற்றல். மகிழ்ந்து கற்பது என்பதே அந்தப் பெயரின் பொருள். பயத்தை விலக்கினால் பிள்ளை படிக்கும் என்று ஆசிரியர்களே கண்டறிந்து மாநிலத்துக்குக் கொடுத்த முறை அது. தமிழ் பேசும் பிள்ளைக்கு அந்த முதல் அட்டை தமிழும் கன்னடமும் சேர்ந்ததாக இருந்தால் என்ன?

கன்னடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ், கச்சேரி, கல்லூரி, வேலை எல்லாம் அதில்தான். கன்னடம் கற்பதைக் கட்டாயமாக்கிய 2015-ம் ஆண்டுச் சட்டம் 2017-18 முதல் படிப்படியாக நடைமுறையில் இருக்கிறது. மார்டள்ளிப் பிள்ளை கன்னடத்தில் தேறத்தான் வேண்டும். தேறுவதற்கும் தாய்மொழிதான் முதல் படி. மாநிலம் தமிழ் உட்பட ஏழு மொழிகளில் பாடநூல் அச்சிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுதவும் இடமுண்டு. புத்தகமும் தேர்வும் இருந்து, நடுவில் தமிழாசிரியர் இல்லாமல் போனால் இரண்டும் வீண்.

சேர்க்கைப் படிவத்தில் ‘தாய்மொழி’ என்று ஒரு கட்டம் உண்டு. வரும் ஜூனுக்குள் வட்டாரக் கல்வி அலுவலகம் அந்தக் கட்டங்களை ஊர்வாரியாக எண்ணட்டும். எந்தப் பள்ளிக்கு எத்தனை தமிழாசிரியர் வேண்டும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். பள்ளி மேம்பாட்டுக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் அரிசி மூட்டையைக் கணக்குப் பார்க்கும் அதே கூட்டத்தில் இதையும் கேட்க வேண்டும்.

(தொடரும்)