எரிபற்றல் தவறுதல்

எரிபற்றல் தவறுதல் என்பது பெட்ரோல் பொறியின் ஓர் உருளையில் எரிபொருட்கலவை உரிய நேரத்தில் தீப்பற்றாமலோ முழுமையாக எரியாமலோ போகும் பழுது ஆகும். தமிழகப் பணிமனைகளில் இது மிஸ்ஸிங் என்று வழங்கப்படுகிறது. நான்கு வீச்சுப் பொறி நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வோர் உருளையிலும் நொடிக்கு 25 முறை எரிதல் நிகழ வேண்டும். இவற்றுள் சில தவறினாலும் பொறி குலுங்கும், இழுவிசை குறையும், எரிபொருள் வீணாகும்.

எரியாத பெட்ரோல் வெளியேற்றக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை அடைந்து அங்கே எரிவதால், மாற்றி மிகையாகச் சூடாகி உருகக்கூடும். எனவே பொறியின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தால், வேகத்தைக் குறைத்து வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

காரணங்கள்

எரிதல் நிகழ மூன்று தேவை. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் எரிபற்றல் தவறும்.

- தீப்பொறி: தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான சுருள், மின்கசிவுள்ள கம்பி ஆகியன இதைக் கெடுக்கும்.
- கலவை: அடைபட்ட எரிபொருள் தெளிப்பான், குறைந்த எரிபொருள் அழுத்தம், உள்ளிழு குழாயில் காற்றுக் கசிவு ஆகியன விகிதத்தை மாற்றும்.
- அமுக்கம்: தேய்ந்த பிஸ்டன் வளையம், சரியாக மூடாத வால்வு, பழுதான ஹெட் கேஸ்கெட் வழியாக அமுக்கம் கசியும்.

கண்டறிதல்

உதிரிப் பாகங்களை வாங்கி மாற்றும் முன், எந்த உருளை, மேற்கண்ட மூன்றில் எது என்று அறிதல் வேண்டும்.

1. வண்டியின் கணினியில் பழுதுக் குறியீட்டைப் படித்தல். பி0301 முதல் உருளையையும் பி0303 மூன்றாம் உருளையையும் குறிக்கும். பி0300 என்பது எந்த ஓர் உருளைக்கும் உரியதன்று. பல உருளைகளில் மாறிமாறி நிகழும் தவறைக் குறிக்கும்.
2. ஒவ்வோர் உருளைக்கும் தனிச் சுருள் இருப்பின், ஐயத்திற்குரிய சுருளை வேறோர் உருளையின் சுருளுடன் இடம் மாற்றுதல். குறியீடும் உடன் நகர்ந்தால் பழுது சுருளிலேயே உள்ளது.
3. பிளக்கைக் கழற்றி நோக்குதல். இளம்பழுப்பு நிறம் இயல்பானது. கரும்புகை படிவு மிகுந்த எரிபொருளையும், எண்ணெய்ப் பசை பொறியெண்ணெய்க் கசிவையும் உணர்த்தும்.
4. அமுக்கமானியால் அளத்தல். அளவு குறைந்திருப்பின் உருளையில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அப்போது உயர்ந்தால் வளையத் தேய்மானம் எனவும், உயராவிடில் வால்வு அல்லது கேஸ்கெட் பழுது எனவும் கொள்ளலாம்.

சுருளில் பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் தோன்றுவதால், ஓடும் பொறியின் பிளக் கம்பியைக் கையால் கழற்றுதல் கூடாது.

இந்தியாவில்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய மகிழுந்துகளில் தீப்பொறியைப் பகிர்ந்தளித்தது டிஸ்ட்ரிபியூட்டர் ஆகும். சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய மின்கருவிகளைத் தயாரித்தது. அதன் தொடுமுனைகளைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிசெய்வதே அக்கால மெக்கானிக்குகளின் முதல் வேலையாக இருந்தது. பழுதான உருளையைச் செவியால் கண்டனர். 2013 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்ட உள்ளமை பழுதறி விதிகள், பெட்ரோல் மகிழுந்துகளின் கணினி இத்தவறைத் தானே கண்டறிய வேண்டும் என்றன. வணரித்தண்டின் சுழற்சி வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தளர்ச்சியைக் கொண்டு கணினி இதை உணர்கிறது. எனினும் குறியீடு உருளையை மட்டுமே காட்டும். காரணத்தை ஆய்வே காட்டும்.