தக்காளி குழைவது எப்படி?

முற்றிய பச்சைப் பருவத்தில் பறித்த தக்காளி, செடியோடு தன் உறவு அறுந்தபின்னும் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது என்பதும், நாளடைவில் அது சிவந்து, மணம் பெற்று, விரலுக்கு இணங்குமளவு மெதுவாவது அப்பழம் கிரமமாகத் தானே நடத்துகிற ஒரு காரியம் என்பதும், அதைக் குழம்புக்கு அரிகிறவர்களுக்கு அநேகமாகத் தோன்றுவதில்லை.

பழத்தின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்து ஒரு சுவர் உண்டு. செல்லுலோஸ் இழைகள் அதற்கு வலுவூட்டுகின்றன. ஹெமிசெல்லுலோஸ் அவ்விழைகளைப் பிணைக்கிறது. இடைவெளிகளை நிரப்புவதோடு, செங்கற்களைச் சாந்து பற்றுவதுபோல அடுத்தடுத்த அணுக்களை ஒட்டவைப்பது, ஜாமை உறையச் செய்யும் அதே பெக்டின் என்னும் பதார்த்தம். அதன் நீண்ட சங்கிலிகளைச் சுண்ணாம்புச் சத்து இடையிடையே பூட்டிவைக்கிறது. ஆக்ராவில் பேட்டா மிட்டாய் செய்வோர் பூசணித் துண்டுகளை முதலில் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவதும் இந்தப் பூட்டை உத்தேசித்தே.

காய் முற்றியதும் அதனுள்ளேயே எதிலீன் என்ற வாயு பெருகுகிறது. (வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுகிறவர்கள் வெளியிலிருந்து ஊட்டுவதும் இதையேதான்.) அதன் ஏவலால் பலவகை என்ஸைம்கள் வேலைக்குக் கிளம்புகின்றன. ஒன்று பெக்டினிலிருந்து மெதில் தொகுதிகளைக் களைய, களைந்த இடங்களில் பாலிகாலக்டுரோனேஸ் எனப்படும் மற்றொன்று சங்கிலியைத் துண்டிக்கிறது. எக்ஸ்பான்சின் என்ற புரதமோ எதையும் வெட்டாமல், இழைகளின் பிடிப்பைத் தளர்த்துவதோடு நின்றுவிடுகிறது. சுவர் நீர் கோத்து உப்ப, அணுக்கள் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன.

பழுக்கும் தக்காளியில் பாலிகாலக்டுரோனேஸ் ஏராளமாகப் பெருகுவதைக் கண்ட விஞ்ஞானிகள், குழைவுக்கு மூலகாரணம் அதுவே என்று நம்பியது நியாயந்தான். அதன் உற்பத்தியை மரபணு வழியாக அடக்கி, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலிருந்த கால்ஜீன் நிறுவனம் உருவாக்கிய ஃபிளேவர் சேவர் தக்காளி 1994இல் கடைக்கு வந்தது. என்ஸைம் அடங்கிற்று, பழம் அடங்கவில்லை. சிறிது காலம் கூடுதலாகக் கெடாமல் இருந்ததேயன்றி, அது ஏறக்குறைய வழக்கம்போலவே குழைந்தது. ஆயினும் பெக்டின் சிதையாத தக்காளியின் சாறு அடர்த்தியாக இருந்தபடியால், அதே உபாயத்தால் விளைவித்த வேறொரு தக்காளியின் விழுது 1996 முதல் பிரிட்டனில் நன்றாகவே விற்றது. எதிர்பார்த்த லாபம் ஒன்று, கிடைத்த லாபம் வேறொன்று!

2016இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அத்தனை ஆரவாரமின்றிப் பெக்டினை அறுக்கும் பெக்டேட் லயேஸை அடக்கியபோது, நிறமும் சுவையும் அதிகம் மாறாமலே தக்காளி கெட்டியாக நின்றதைக் காட்டிற்று. ஸ்பெயினில் ஸ்ட்ராபெரிப் பழத்தில் இதே என்ஸைமை அடக்கி, இதே பலனைக் கண்டவர்களின் முடிவு 2002இலேயே அச்சேறியிருந்தது.