தாத்தாவான விக்ரம்

1986-இல் 'விக்ரம்' வெளிவந்தபோது கமல்ஹாசனுக்கு வயது 31. 'அக்னி புத்ரா' என்ற ஏவுகணையைத் தேடி சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குப் போகும் உளவாளி. வில்லன் சத்யராஜ், ராஜாவாக அம்ஜத்கான், இசை இளையராஜா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா இதற்குத் திரைக்கதை எழுதினார். குமுதத்தில் தொடராகவும் வந்தது. வாராவாரம் ஊரிலிருந்து புத்தகம் வரக் காத்திருந்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பார்கள்!

36 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் 3-ஆம் தேதி, லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் அதே பெயரில் அதே ஆள் திரும்பி வந்தார். இப்போது அவர் தாத்தா.

முதல் பாதியில் கமலை அதிகம் காண முடியாது. செத்துப் போனதாகக் கருதப்படும் கர்ணன் எப்படிப்பட்டவர் என்று அமர் (ஃபகத் ஃபாசில்) விசாரித்துக் கொண்டு போகிறார். ஒருவர் குடிகாரன் என்கிறார், இன்னொருவர் வேறு மாதிரி. எல்லோரும் ஒப்புக் கொள்வது ஒன்றுதான்: பேரன் மேல் உயிர். அந்தக் குழந்தையின் இதயம் பலவீனமானது, பெரிய சத்தம் ஆகாது. மகனைப் பறிகொடுத்த மனிதர் பேரனுக்காக வீட்டையே அமைதியாக்கி வைத்திருக்கிறார். துப்பாக்கிச் சத்தத்தையே நம்பி எடுத்த படத்துக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. இயக்குநரின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு மனக்குறை. 1986-இல் உளவாளியின் கர்ப்பிணி மனைவி (அம்பிகா) கொல்லப்பட்டாள். நாயகனுக்குக் கோபம் வந்தது. 2022-இல் அமரின் மனைவி (காயத்ரி) கொல்லப்படுகிறாள். கணவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. குடும்பத்தைக் காப்பாற்றும் கதை என்கிறார்கள். நாயகனுக்கு ஆவேசம் வர ஒரு பெண் சாக வேண்டும் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் மாறவேயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி இதை இடைவேளையிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தக் குறையைப் பாதியாவது தீர்ப்பவர் டீனா. அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் வேலைக்கார அம்மா என்றுதான் நாமும் நினைக்கிறோம். விஜய் சேதுபதியின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்ததும், அந்த அம்மா கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு குழந்தைக்கும் அவர்களுக்கும் நடுவே நிற்கிறார். அவரும் ஓய்வு பெற்ற உளவாளிதான்! சினிமா நடனக் குழுக்களில் பல்லாண்டுகள் பணியாற்றிய வசந்தி இந்த வேஷத்தில் நடித்திருக்கிறார். தியேட்டரில் விசில் பறந்தது. கடைசியில் ரோலெக்ஸாக வரும் சூர்யாவுக்குக் கிடைத்த ஆரவாரத்தை விட இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ரத்தம் அதிகம். வெட்டும் குத்தும் பார்த்தால் இரவு தூங்காத சிறுசுகளை அழைத்துப் போகாதீர்கள். 1986 படத்தை மட்டும் தேடிப் பிடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்த ராக்கெட்டைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.