வீட்டுக்குள் ஒரு கடுவன்

சட்டை போட்டுக்கொண்டு புட்டிப்பால் குடிக்கும் குரங்குக் குட்டி, விரலைப் பற்றித் தொங்கும் மார்மோசெட் என்னும் சின்னஞ்சிறு குரங்கு, கிச்சுகிச்சு மூட்டினால் இரு கைகளையும் தூக்கும் தேவாங்கு என்று கைப்பேசியில் காணொளிகளுக்குக் குறைவில்லை. பார்ப்பவருக்கு ஆசை வருவது இயல்பு. ஆசை இருக்கும் இடத்தில் சந்தையும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் தாய்லாந்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பயணியின் உடைமைகளில் பாம்புகள், ஆமைகளோடு ஆப்பிரிக்க டி பிராஸா குரங்கு ஒன்றும் சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டது. குரங்கு வளர்ப்பவர்கள் எப்போதும் சொல்வது இரண்டு: "சாதுவானது", "நோய்நொடி இல்லாதது". இரண்டுமே கண்ணால் பார்த்துச் சொல்வது. குரங்கு விஷயத்தில் கண்ணால் பார்த்தது சான்றாகாது. அந்தத் தேவாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியத் தேவாங்குக்கு முழங்கைக்கு அருகில் நச்சுச் சுரப்பி உண்டு. கையைத் தூக்குவது அதை நக்கி, கடிக்கத் தயாராவதற்கு. நாம் அதைச் சிரிப்பு என்று நினைத்துப் பகிர்கிறோம்.

சாதுத்தனம் எத்தனை வயது வரை?

குட்டிக் குரங்கு மனிதரின் மார்பில் ஒட்டிக்கொள்வது அதன் வயதுக்கான இயல்பு. தாயைப் பிரிந்தால் எதையாவது பற்றிக்கொள்ளத்தான் செய்யும். நம் ஊர் நாட்டுக்குரங்கு நான்கைந்து வயதுக்குள் பருவத்தை எட்டிவிடும். பராமரிப்பில் இருந்தால் இருபது, முப்பது ஆண்டுகள்கூட வாழும். குட்டிப் பருவம் அதில் ஒரு சிறு பகுதிதான். வளர்ந்த பிறகு, கூட்டத்தில் தன் இடம் எது என்பதைச் சண்டையிட்டே தீர்மானிப்பது அதன் வழக்கம். வீட்டில் கூட்டம் என்பது நம் குடும்பம். உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல். விருந்துக்கு வந்த குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? நாய் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாய் மனிதரோடு வாழ்ந்து மாறிய விலங்கு. குரங்கு அப்படி மாறியதில்லை. ஒரு குட்டியை எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் இந்த வேறுபாட்டை ஒரே ஆயுளில் கடந்துவிட முடியாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபர்டு நகரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். குட்டியாக வந்து, மேசையில் அமர்ந்து சாப்பிட்டு, ஊரே அறிந்த செல்லமாக வளர்ந்த சிம்பன்ஸி அது. 2009 பிப்ரவரியில், தனக்கு நன்கு பழக்கமான, உரிமையாளரின் தோழியைத் தாக்கியது. அவர் கைகளையும் பார்வையையும் இழந்தார். முகம் சிதைந்து, 2011இல் பாஸ்டனில் முகமாற்று அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. அது பெரிய விலங்கு, நம்முடையது சிறியதுதானே என்பார்கள். வளர்ந்த கடுவனின் கோரைப்பற்கள் கைத்தசைநாரை அறுக்கப் போதுமானவை. வளர்ப்பவர்களில் பலர் அந்தப் பற்களைப் பிடுங்கிவிடுவது எதைக் காட்டுகிறது? சாது என்ற சொல்லில் அவர்களுக்கே நம்பிக்கையில்லை.

நோய் முகம் காட்டாது

1932இல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு குரங்கு கடித்து இளம் மருத்துவர் ஒருவர் இறந்தார். காரணமான நுண்ணுயிரிக்கு அவர் பெயரின் முதலெழுத்தையொட்டி 'பி வைரஸ்' என்று பெயர் வந்தது. நாட்டுக்குரங்கு, செம்முகக் குரங்கு ஆகியவை சேர்ந்த மக்காக் இனத்தில் இது வாழ்கிறது. நமக்கு உதட்டில் வரும் அக்கியைப் போல, குரங்குக்கு இது பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. மனிதருக்கு வந்து சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்தில் ஏழெட்டுப் பேர் மூளை அழற்சியால் இறக்கிறார்கள். கடிதான் வேண்டும் என்பதில்லை: 1997இல் அட்லாண்டாவின் யெர்க்ஸ் ஆய்வு மையத்தில் பணிபுரிந்த 22 வயதுப் பெண், குரங்கின் கழிவு கண்ணில் தெறித்ததால் தொற்று ஏற்பட்டு இறந்தார்.

'பரிசோதித்துப் பார்த்தோம், தொற்று இல்லை' என்ற பதில் இங்கே பாதிதான் செல்லும். இந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, எப்போதாவது வெளிவரும். இன்னொரு மறுப்பு வலுவானது: உலகம் முழுவதும் பதிவான பி வைரஸ் நோயாளிகள் சில பத்துப் பேர்தானே, இந்தியாவில் தினமும் எத்தனை பேரைக் குரங்கு கடிக்கிறது? உண்மை, இது அரிய நோய். ஆனால் கோயில் வாசலில் ஒருமுறை கடிபடுவதும், எச்சில், சிறுநீர், நகக்கீறலோடு இருபதாண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருப்பதும் ஒன்றல்ல. தவிர, பட்டியலில் இது ஒன்று மட்டுமா? ரேபீஸ், காசநோய், வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் உண்டு. பிரேசிலின் சியாரா மாநிலத்தில் மார்மோசெட்டுகளிடமிருந்து ரேபீஸ் தொற்றி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். காட்டிலிருந்து பிடித்துச் செல்லமாக வளர்த்தவையும் அவற்றில் உண்டு. தொற்று எதிர்த்திசையிலும் போகும். நம் உதட்டு அக்கி, மார்மோசெட்டைக் கொன்றுவிடும்.

குரங்காட்டிகள் வளர்க்கவில்லையா?

வளர்த்தார்கள், கழுத்தில் கயிறும் கையில் கோலும் வைத்து. 1998இல் மத்திய அரசு குரங்கை வித்தைக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்ததும் அதனால்தான். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதும் சரியல்ல: வங்கதேசத்தில் குரங்குகளோடு நெருங்கிப் பழகுவோரைச் சோதித்தபோது, அவர்களில் சிலரிடம் குரங்குகளின் ஃபோமி வைரஸ் இருந்தது. அது இதுவரை நோயை உண்டாக்கியதாகத் தெரியவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து மனிதருக்கு வரும் வழி திறந்தே இருக்கிறது என்பதற்கு அது சான்று.

காயம்பட்ட குட்டியைக் காப்பாற்றியவரின் வாதம் வேறு. அதில் நியாயமும் இருக்கிறது. நாய்கள் கடித்த குரங்குக் குட்டியை மாதக்கணக்கில் தேற்றிய ஒரு கால்நடை மருத்துவர், அதைத் தம்மிடமே ஒப்படைக்கக் கேட்டு 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். நீதிமன்றம் மறுத்தது. கடுமையாகத் தோன்றலாம்; ஆனால் சிகிச்சை தருவது ஒன்று, ஆயுளுக்கும் வைத்துக்கொள்வது வேறு. குட்டிக்கு முதலில் வேண்டியது தன் இனம்.

கடித்துவிட்டால்

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் அதையும் அதே அளவு நேரம் வெறும் நீரால் கழுவவேண்டும். கடித்தது குரங்கு என்று மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது. நாட்டுக்குரங்கை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று பயந்து நாய் என்று மாற்றிச் சொன்னால், பி வைரஸுக்குத் தேவைப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்து தவறிப்போகும். கடித்த விலங்குக்கு ரேபீஸ் உண்டா என்று பத்து நாள் கவனித்துப் பார்க்கும் விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்குக்கு அது பொருந்தாது. ரேபீஸ் தடுப்பூசியை உடனே தொடங்கவேண்டும். வீட்டில் ஏற்கெனவே குரங்கு இருந்தால் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவதும் தீர்வாகாது. மனிதர்களுக்குப் பழகிய அது மீண்டும் மனிதர் வீட்டுக் கதவைத்தான் தேடும். நம்மிடமிருந்து காசநோய் தொற்றியிருந்தால் அதைக் காட்டுக் கூட்டத்துக்கும் கொண்டுபோகும். வனத்துறையிடம் ஒப்படைப்பது ஒன்றே வழி.