எஸ்.ஐ. தேர்வில் அந்தப் பத்து மார்க்

எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. மைதானமும் முடிந்தது. ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறி, தாண்டிக் குதித்து வந்திருக்கிறார்கள். பெண்களும் 400 மீட்டர் ஓட்டத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். இனி நேர்முகத் தேர்வு மட்டும் பாக்கி என்று வந்து நிற்கும் தம்பி தங்கைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ளே என்ன கேட்பாங்க?" டீ சொல்லியிருக்கிறேன், உட்காருங்கள். அவசரமில்லாமல் பேசலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் சமீப ஆண்டுகளில் நடத்திய உதவி ஆய்வாளர் (எஸ்.ஐ.) தேர்வில், வெளியிலிருந்து வரும் விண்ணப்பதாரருக்கு எழுத்துத் தேர்வு 70 மார்க், உடல்திறன் 15, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 5, நேர்முகத் தேர்வுக்கு 10. ஆக 100. தமிழ்த் தகுதித் தேர்வு தனி. அதில் தேறினால் போதும், மார்க் கூடாது. இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. எஸ்.ஐ.க்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள்? புகாரை வாங்குவது, வழக்குப் பதிவது, கைது செய்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் அந்த நாற்காலியில் இருப்பவர் கையில் இருக்கிறது. நள்ளிரவில் ஸ்டேஷனில் அவருக்கு மேலே ஆள் இல்லாத நேரங்கள் உண்டு. அந்த நேரத்தில் இந்த ஆளை நம்பி விடலாமா என்பதைத்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் மூத்த அதிகாரிகள் பார்க்கிறார்கள்.

பத்து மார்க்தானே என்று நினைக்க வேண்டாம். எழுத்துத் தேர்வில் ஒரு கேள்விக்கு அரை மார்க். நேர்முகத் தேர்வின் பத்து மார்க் இருபது கேள்விகளுக்குச் சமம். அரை மார்க்கில் பட்டியலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளைக் கேட்டால் அதன் கனம் தெரியும்.

உடை விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி போட்ட வெளிர்நிறச் சட்டை, அடர்நிற பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ, முகச்சவரம், ஒட்ட வெட்டிய முடி. பெண்களுக்கு உடம்புக்குப் பழகிய புடவையோ சுடிதாரோ போதும். அன்றைக்கென்று புதிதாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். "வணக்கம் ஐயா", "வணக்கம் அம்மா" என்பது இந்தத் துறையில் எல்லோரும் புழங்கும் பேச்சு. சார், மேடம் என்றாலும் குற்றமில்லை. தமிழில் பேசுங்கள். தெரியாத ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் நிற்பதைவிட, தெரிந்த தமிழில் முழு வாக்கியமாகச் சொல்வது மேல்.

பெரும்பாலும் பேச்சு உங்களைப் பற்றித்தான் தொடங்கும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. கபடி என்று எழுதியிருந்தால் ஓர் அணியில் எத்தனை பேர், போனஸ் கோடு எங்கே என்று கேட்பார்கள். பி.இ. முடித்தவர் என்றால் "இன்ஜினியரிங் படிச்சுட்டு ஏம்ப்பா இங்க வந்தே?" என்ற கேள்வி வராமல் போகாது. இதற்கு முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில், "சின்ன வயசிலேர்ந்தே காக்கிச் சட்டை மேல ஆசை ஐயா." அந்த அறையில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். உங்கள் காரணம் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் தெருவில் ஒரு தகராறு நடந்து, ஓர் அதிகாரி வந்து அதைத் தீர்த்த விதம் மனதில் நின்றிருக்கலாம். வேலை நிரந்தரம், குடும்பத்துக்குத் தேவை என்பதும் நேர்மையான காரணமே, சொல்வதில் வெட்கமில்லை. படித்த படிப்பை வேலையோடு சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. 1930 என்ற எண்ணுக்கு வரும் இணைய மோசடிப் புகாரில் பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று தொடரக் கணினி படித்தவர் வேண்டாமா?

அடுத்து சொந்த மாவட்டம். சிவகாசிக்காரரிடம் பட்டாசு ஆலை விபத்தைக் கேட்பார்கள். ராமேஸ்வரத்துப் பிள்ளையிடம் மீனவர் கைதையும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும் கேட்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறவர் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கள்ளச்சாராயத்தைப் பற்றிப் பேசத் தயாராக இருக்க வேண்டும்: மெத்தனால் என்றால் என்ன, அது சாராயத்தில் எப்படிச் சேர்ந்தது, கீழ்மட்டத்தில் தகவல் ஏன் முன்பே எட்டவில்லை என்று. அரசைத் திட்டவும் வேண்டாம், துதி பாடவும் வேண்டாம். நடந்ததைச் சொல்லி, ஒரு எஸ்.ஐ.யால் என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு சூழ்நிலையைச் சொல்லி "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்பார்கள். ஒன்றை முழுசாகப் பார்ப்போம். இரவு இரண்டு மணி. நீங்கள் ஸ்டேஷனில் இருக்கிறீர்கள். ஒரு பெண் அழுதுகொண்டு வருகிறாள். கணவன் அடித்துவிட்டான், நெற்றியில் ரத்தம். பாராவில் இருப்பவர் "காலையில வாம்மா, இன்ஸ்பெக்டர் இருப்பாரு" என்கிறார்.

சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த பையன் உடனே "எஃப்.ஐ.ஆர். போடுவேன் ஐயா, பாரதிய நியாய சன்ஹிதா 85, பழைய 498-ஏ" என்பான். தப்பில்லை. ஆனால் அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். முதலில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். ரத்தம் வருகிறது, ஆகவே மருத்துவமனை. போலீஸ் மெமோவோடு ஒரு பெண் காவலரைத் துணைக்கு அனுப்புங்கள். டாக்டர் எழுதும் காயக் குறிப்புதான் நாளைக்கு வழக்கின் முதுகெலும்பு. அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். சம்பவம் வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்றாலும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றலாம் என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை அவளுக்குக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். திரும்பிப் போகப் பயந்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சகி மையம் இருக்கிறது, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்று விட்டுப்போகும். "வீட்ல பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" அடித்த ஆள் குடிபோதையில் வீட்டிலேயே இருக்கிறான், இரண்டு குழந்தைகள் அங்கே தூங்குகின்றன என்றால் ரோந்து வண்டி அந்த வீட்டுக்கு உடனே போக வேண்டும். இந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறவர் எஸ்.ஐ. ஆக வேண்டியவர் என்பது என் எண்ணம். எந்தச் சூழ்நிலையைக் கொடுத்தாலும் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உயிர், பிறகு தடயம், பிறகு காகிதம், பிறகு மேலதிகாரிக்குத் தகவல்.

இன்னொரு கேள்வி உண்டு. அதற்குத் தயங்காமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். "திருடனைப் பிடிச்சாச்சு. வாயைத் திறக்க மாட்டேங்கிறான். அடிப்பீங்களா?" சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். "லேசா ரெண்டு தட்டு தட்டுவேன் ஐயா" என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் இருக்கிறார்கள். எதிரே இருப்பவரும் சிரித்திருக்கலாம். அதை நம்பிவிடக் கூடாது. அடிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது இது. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23ஆவது பிரிவு. அவன் காட்டிக்கொடுத்து ஒரு பொருள் கிடைத்தால், அது சம்பந்தமான பகுதி மட்டும் செல்லும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் வழக்கு ஒரு அடிகூட நகராது. வழக்கை நகர்த்துவது கேமரா பதிவு, செல்போன் அழைப்பு விவரம், கைரேகை, அடகுக் கடைக் கணக்கு.

இதோடு 2020 ஜூனை மறக்கக் கூடாது. சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கைதான காவல்துறையினரில் உதவி ஆய்வாளர்களும் இருந்தார்கள். நீங்கள் எந்தப் பதவிக்காக அந்த அறைக்குள் போகிறீர்களோ அதே பதவி. அந்த ஆண்டு டிசம்பரில், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை என்று விதி வகுத்த டி.கே. பாசு தீர்ப்பும் உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். மார்க்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் "இதெல்லாம் புத்தகத்துல இருக்கும் தம்பி" என்பார். அப்போதும் உங்கள் பதில் மாறக் கூடாது.

பதவியின் எல்லையையும் தெரிந்து வையுங்கள். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை எஸ்.ஐ. விசாரிக்க முடியுமா என்று கேட்டால் "முடியும்" என்று நெஞ்சை நிமிர்த்திவிடாதீர்கள், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். சீருடையில் போகக் கூடாது. அந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காக்கியைக் கண்டால் குழந்தை மிரளும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தெரியாத கேள்வி வரும். வரத்தான் செய்யும். "மன்னிக்கணும் ஐயா, எனக்குத் தெரியல" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். சட்டப் பிரிவு எண்ணை ஊகித்துச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் ஊகித்து எழுதும் பிரிவில் ஒரு மனிதர் சிறைக்குப் போவார். சிலர் வேண்டுமென்றே சீண்டுவார்கள். "உன்னைப் பார்த்தா போலீஸ் மாதிரியே தெரியலையே" என்பார்கள். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஒரு மூச்சு விட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். குடித்துவிட்டு வம்பு பேசும் ஒருவரிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்பதைத்தான் அங்கே சோதிக்கிறார்கள்.

பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கைகளைப் பார்க்கலாம். உங்கள் ஊர் ஸ்டேஷனில் பதிவானவற்றில் சிலவற்றை எடுத்துப் படியுங்கள். எந்த வரிசையில் எழுதுகிறார்கள், எந்தப் பிரிவு ஏன் வந்தது என்று உங்களையே கேளுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற சிறப்பு எஸ்.ஐ. ஒருவராவது இருப்பார்; கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து, நண்பனைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். கால் ஆட்டுவதும் வாக்கியத்துக்கு வாக்கியம் "வந்து... வந்து..." என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். வாரியத்தின் அலுவலகம் எழும்பூர் பாந்தியன் சாலையில், பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அங்கேயே 2021இல் திறந்த காவல் அருங்காட்சியகமும் இருக்கிறது. சென்னைக்கு முதல் நாளே வருகிறவர்கள் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பெற்றோரும் கேட்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் புரோக்கர்கள் வருவார்கள். "உள்ளே ஆள் இருக்கு, பத்துக்குப் பத்து வாங்கித் தர்றேன்" என்பார்கள். நூறில் 90 மார்க் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதைச் சம்பாதித்தது நீங்கள். மீதிப் பத்தை விற்கிறேன் என்பவர், உங்கள் பெயர் தானாகவே பட்டியலில் வந்தால் தன் வேலை என்பார், வராவிட்டால் போனை அணைத்துவிடுவார். நிலத்தையோ நகையையோ அடகு வைத்து யாரிடமும் கொடுக்காதீர்கள். பேசிய எண்ணையும் நாளையும் குறித்து வைத்து, எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்; புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.