டைட்டானியத்தில் ஆக்சிஜனைத் தேடும் லேசர்

கலப்பில்லாத டைட்டானியம் நான்கு தரங்களில் விற்பனைக்கு வருகிறது. பார்வைக்கு நான்கும் ஒன்றுதான். முதல் தரத்தில் ஆக்சிஜன் 0.18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நான்காம் தரத்தில் 0.40 வரை போகலாம். கால் சதவீதம்கூட இல்லாத இந்த வேறுபாட்டால்தான் பெரும்பாலும் நான்காம் தரத்தின் வலிமை முதல் தரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆக்சிஜன் அணுக்கள் டைட்டானியம் அணுக்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் புகுந்து, அடுக்குகள் வழுக்கி நகர்வதைத் தடுக்கின்றன. அளவு மீறினால் உலோகம் வளையாது, விரிசல் விடும்.

இந்த ஆக்சிஜனை அளக்க ஆய்வகங்கள் நம்பியிருப்பது உருக்கும் முறையை. வெட்டியெடுத்த துண்டை நிக்கலோடு சேர்த்து, ஹீலியம் ஓடும் உலையில் கிராஃபைட் மூசையில் உருக்குவார்கள். ஆக்சிஜன் கரியோடு கூடி வாயுவாக வெளியேறும். அகச்சிவப்பு ஒளி அதை அளந்துவிடும். துல்லியமான முறைதான். ஆனால் பொருளை வெட்ட வேண்டும்.

லேசர் வேறு வழியில் போகிறது. சில நானோ நொடிகளே நீடிக்கும் ஒரு துடிப்பை உலோகத்தின் மேல் குவித்தால், அந்தப் புள்ளி ஆவியாகி, பல்லாயிரம் டிகிரி சூட்டில் பிளாஸ்மாவாக ஒளிரும். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோடுகளைக் காட்டும். ஆக்சிஜனுக்கு 777 நானோமீட்டர் அருகே, நெருக்கமாக மூன்று கோடுகள்.

தொல்லை என்னவென்றால், தேடும் பொருள் சுற்றிலும் இருக்கிறது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்; உலோகத்தின் மேற்பரப்பிலோ மெல்லிய ஆக்சைடு படலம். அதனால் ஆர்கான் வாயு சூழ வைத்து, முதல் சில துடிப்புகளால் படலத்தைச் சுரண்டிவிட்டு, அதன் பிறகு வரும் ஒளியையே கணக்கில் எடுக்க வேண்டும். கோட்டின் பிரகாசத்தைச் சதவீதமாக மாற்ற, ஆக்சிஜன் அளவு முன்பே தெரிந்த மாதிரிகளும் தேவை. அந்த அளவைச் சொல்வது பெரும்பாலும் பழைய உலைதான்!

ஆனால் உலையால் ஆகாத ஒன்று லேசருக்குக் கைவருகிறது. காற்றில் கடுமையாகச் சூடேறிய டைட்டானியத்தில் ஆக்சிஜன் மேலிருந்து உள்ளே ஊடுருவி, கடினமான, நொறுங்கும் தோல் ஒன்றை உண்டாக்கும். உலை முழுத்துண்டின் சராசரியைத்தான் தரும். லேசரோ ஒரே புள்ளியில் துடிப்புக்குத் துடிப்பு ஆழமாக இறங்கி, அந்தத் தோல் எங்கே முடிகிறது என்று காட்டும்.