சோழன் போனான்... சீனாக்காரன் எழுதி வெச்சான்!

நெய்வேலியில யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “எந்த பிளாக்?” பிளாக் நம்பர் சொன்னா போதும், ஆளோட ஜாதகமே தெரிஞ்ச மாதிரி.

இப்போ வேற ஒரு கேள்வி. சுரங்கம் இருக்கிற இடத்துல அதுக்கு முன்னாடி எந்த ஊர் இருந்தது? அந்த ஊர்க் குளத்துக்கு என்ன பேர்? எல்லைச் சாமி எது?

முழிக்கறீங்களா? கவலைப்படாதீங்க, உங்க கிளாஸ்ல பாதிப் பேர் இப்படித்தான் முழிப்பாங்க. இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் கொஞ்சம் சுத்து வழியா சீனா வரைக்கும் போயிட்டு வரப் போறோம். பாஸ்போர்ட் வேண்டாம். வாங்க!

கிணறு வெட்ட...

நெய்வேலி கதை உங்களுக்குத் தெரியும். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல தண்ணிக்காகத் தோண்டினப்போ கறுப்பா ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம். 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. முந்திரிக் காடு டவுன்ஷிப் ஆனது இப்படித்தான்.

இதே மாதிரி ஒரு கிணற்றுக் கதை சீனாவிலும் உண்டு. 1974-ல் சியான் நகரத்துக்குப் பக்கத்தில் விவசாயிகள் சிலர் தண்ணிக்காகத் தோண்டினாங்க. தண்ணிக்குப் பதிலா வந்தது சுடுமண் சிப்பாயோட தலை! தோண்டத் தோண்ட ஆள் உயரத்துக்கு ஆயிரக்கணக்கான மண் வீரர்கள், ஒருத்தர் முகம் மாதிரி இன்னொருத்தர் முகம் இல்லாம!

அது யாருடைய படை? சீனாவை முதன்முதலா ஒரே குடைக்குக் கீழே கொண்டு வந்த சின் ஷி ஹுவாங்கோட படை. கி.மு. 221-ல் பேரரசர் ஆனவர். நாடு முழுக்க ஒரே எழுத்து, ஒரே எடைக்கல், ஒரே காசு. வண்டிச் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி கூட ஒரே அளவு! அவ்வளவு பெரிய கில்லாடி.

ஆனா அவருக்கு ஒரு பயம் இருந்தது. ஜனங்க பழைய புத்தகத்தைப் படிச்சிட்டு, ‘அந்தக் காலத்துல இப்படி இல்லையே’ன்னு கேள்வி கேட்டா? கி.மு. 213-ல் உத்தரவு பறந்தது. மருத்துவம், விவசாயம், ஜோசியம் தவிர மற்ற புத்தகங்களைக் கொளுத்து! தலைமுறை தலைமுறையா சேர்த்த எழுத்து அடுப்புக்குப் போச்சு. மூணே வருஷத்துல அவரும் போய்ச் சேர்ந்தார். அடுத்த நாலு வருஷத்துல அவர் வம்சத்து ஆட்சியும் முடிஞ்சது.

உயிரை விட எழுத்து பெரிசு!

அவரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? எழுதினவர் பேர் சிமா சியான். அடுத்து வந்த ஹான் வம்சத்தில், அரண்மனையில் வேலை பார்த்தவர். சீன வரலாறு முழுவதையும் எழுதணும்னு அவர் அப்பாவுக்கு ஆசை. சாகும்போது மகன் கையைப் பிடிச்சு, “இதை நீ முடி”ன்னு கேட்டுக்கிட்டார்.

மகன் எழுத ஆரம்பிச்சார். நடுவில் வினை வந்தது. போரில் தோற்று எதிரியிடம் சரணடைந்த ஒரு தளபதிக்காகப் பேசப் போய், பேரரசர் வூவின் கோபத்துக்கு ஆளானார். தண்டனை, சாவு அல்லது ஆண்மை நீக்கம். மானஸ்தன் சாவைத்தான் எடுப்பான் என்பது அந்தக் காலத்து எண்ணம். சிமா சியான் அவமானத்தை எடுத்துக்கிட்டார். ஏன்னா, புத்தகம் பாதியில் நின்னது. எழுதி முடிச்சார். 130 அத்தியாயம்!

அதில் ஒரு தகவல். சின் பேரரசரின் கல்லறைக்குள்ளே ஆறுகளும் கடலும் மாதிரி பாதரசத்தை ஓட விட்டாங்களாம். ‘சும்மா கதை விடறார்’னு நினைச்சவங்க உண்டு. சமீப காலத்துல அந்தக் கல்லறை மேட்டு மண்ணைச் சோதிச்சுப் பார்த்தப்போ, பாதரசம் எக்கச்சக்கமா இருந்தது! ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு ஒருத்தரோட குறிப்பு உறுதியாகுது. கொளுத்தினவரைப் பற்றி நமக்குச் சொல்றதே எழுதினவர்தான். எப்படி இருக்கு?

கந்தல் துணியில் ஒரு புரட்சி

அப்போ காகிதம் இப்போ மாதிரி புழக்கத்துல கிடையாது. மூங்கில் பட்டையில் எழுதிக் கயிறு கட்டி வெச்சாங்க. ஒரு புத்தகத்தைத் தூக்க ஒரு வண்டி வேணும். பட்டுத் துணியிலும் எழுதினாங்க, விலை கட்டுபடி ஆகாது.

கி.பி. 105-ல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி ஒரு வழி சொன்னார். மரப்பட்டை, சணல், கந்தல் துணி, கிழிஞ்ச மீன் வலை எல்லாத்தையும் ஊற வெச்சு, இடிச்சுக் கூழாக்கி, சல்லடையில் வாரிக் காய வெச்சா காகிதம்! அதுக்கு முன்னாலேயே முரட்டுக் காகிதம் இருந்ததுன்னு அகழாய்வுகள் காட்டுது. அதை எழுதத் தோதா, மலிவா ஆக்கின பெருமை சாய் லுனுக்கு.

அடுத்தது அச்சு. 1040-களில் பி ஷெங் என்ற சாதாரண ஆள் களிமண்ணில் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா செதுக்கிச் சுட்டு, வேண்டியபடி கோர்த்து அச்சடிச்சார். ஜெர்மனியின் குட்டன்பெர்க்குக்கு நாலு நூற்றாண்டு முன்னாடி! இந்த பி ஷெங்குக்கு அரசுப் பதவி கிடையாது. ஷென் குவோ என்ற அறிஞர் தன் புத்தகத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வெச்சார். அந்தச் சில வரி இல்லைன்னா, இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செஞ்சவர் பேரே உலகத்துக்குத் தெரியாது.

காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி. சீனாவின் நாலு பெரிய கண்டுபிடிப்புகள்னு பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. என்னைக் கேட்டா அஞ்சாவது ஒண்ணு உண்டு. நடந்ததை விடாம எழுதி வைக்கிற பழக்கம்! அதுக்கு நாமே சாட்சி. எப்படின்னு கேக்கறீங்களா?

ராஜராஜன் அனுப்பிய ஆள்

ராஜராஜ சோழன் கடல் தாண்டிச் சீனாவுக்குத் தூது அனுப்பினார். 1,150 நாள் பயணம்! வழியில் தங்கி, காற்றுக்குக் காத்திருந்து, கப்பல் குவாங்சோ துறைமுகம் போய்ச் சேர்ந்தது. 1015-ல் சோங் வம்சத்துப் பேரரசர் சென்சோங் சபையில் தூதர்கள் நின்னாங்க. கொண்டு போனது முத்து பதித்த உடை, குவியல் குவியலா முத்து, யானைத் தந்தம் 60, சாம்பிராணி. அனுப்பின ராஜராஜன் 1014-லேயே காலமாயிட்டார். கடல் நடுவே இருந்தவங்களுக்குச் சேதி போயிருக்குமா?

ராஜேந்திரன் காலத்தில் 1033-ல் இன்னொரு தூது. குலோத்துங்கன் காலத்தில் 1077-ல் மறுபடி. அந்தத் தடவை தூதர்கள் படியேறி, மண்டியிட்டு, முத்தையும் கற்பூரத்தையும் பேரரசர் முன்னால் வாரி இறைச்சாங்க. பதில் மரியாதையா 81,800 சரம் காசும், வெள்ளியும் கிடைச்சது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? சோங் வம்ச வரலாற்றில் சீனர்கள் எழுதி வெச்சதால! நம்ம ராஜா, நம்ம கப்பல், நம்ம முத்து. கணக்கு மட்டும் அவங்க நோட்டுல.

நாம எழுதவே இல்லைன்னு சொல்லலை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 400 ஆடல் பெண்களின் பேரும், எந்தத் தெருவில் எத்தனாவது வீடு என்பதும் இருக்கே! கோயில் கணக்கு கல்லில் நின்னது. ஓலையில் எழுதினதைக் கரையான் தின்னது.

சோழருக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியும் இதே கதைதான். ஹான் வம்ச வரலாற்றில் ‘ஹுவாங்சி’ன்னு ஒரு நாடு வருது. முத்தும் கண்ணாடி மணியும் வாங்க, தங்கமும் பட்டும் எடுத்துக்கிட்டுச் சீனர்கள் கப்பல்ல போன இடம். நம்ம காஞ்சிபுரம்தான் அதுன்னு ஆய்வாளர்கள் பலரும் கருதறாங்க. அந்தப் புத்தகத்தை எழுதிக்கிட்டிருந்தவர் பான் கு. அவர் சிறையில் இறந்ததும் முடிச்சுக் கொடுத்தது அவர் தங்கை பான் சாவ். தோழிகளே, நோட் பண்ணிக்குங்க!

கவிஞர் தேடிய கரி

நெய்வேலிக்காரங்களுக்கு ஸ்பெஷல் சேதி ஒண்ணு. சோழர் தூது போன தலைநகரம் கைஃபெங். அந்த நகரத்து வீடுகள்ல விறகே எரியாது, எல்லாம் நிலக்கரிதான்னு 12-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒண்ணு பழைய நாளை நினைச்சு ஏங்குது.

குலோத்துங்கன் தூது போய் வந்த மறு வருஷம், 1078. சுசோ என்ற ஊருக்கு சு ஷி அதிகாரி. சீனாவின் மிகப் பெரிய கவிஞர்களில் ஒருத்தர். குளிரில் விறகுத் தட்டுப்பாடு. அவர் ஆள் அனுப்பி மண்ணுக்கடியில் கரி இருக்கான்னு தேடச் சொன்னார். கிடைச்சது! சந்தோஷத்துல ‘நிலக்கரி’ன்னு ஒரு கவிதையே எழுதிட்டார். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்திய ஒரு சுரங்கம் எந்த வருஷம், எந்த ஊரில், எதுக்காகத் தோண்டினதுன்னு நமக்குத் தெரியறது இப்படித்தான்.

பஸ் ஏறினா சீனா!

சீனா ரொம்பத் தூரம்னு நினைக்காதீங்க. நெய்வேலியில பஸ் ஏறி, சேத்தியாத்தோப்பு வழியா கங்கைகொண்டசோழபுரம் போங்க. ராஜேந்திரன் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டினப்போ சீனப் பீங்கான் துண்டுகள் கிடைச்சிருக்கு. ராஜா வீட்டுச் சாப்பாட்டுத் தட்டா கூட இருக்கலாம்! தஞ்சை வட்டாரத்துல நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசுகள் புதையலாவே அகப்பட்டிருக்கு.

நாகப்பட்டினத்துல ‘சீனக் கோபுரம்’னு கப்பல்காரங்க சொன்ன ஒரு செங்கல் கோபுரம் நின்னது. 1867-ல் இடிச்சுட்டாங்க. இன்னிக்குப் போனா பார்க்க எதுவும் இல்லை. ஆனா 14-ஆம் நூற்றாண்டில் கடல் சுற்றிய வாங் தாயுவான், இந்தப் பக்கத்துல சீன எழுத்து பொறிச்ச ஒரு செங்கல் கோபுரம் பார்த்ததா எழுதியிருக்கார். 1267-ல் கட்டி முடிச்சதாம். ரெண்டும் ஒண்ணுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கோபுரம் போச்சு, குறிப்பு நிக்குது.

தூரம் போக முடிஞ்சவங்களுக்கு ரெண்டு கல். சீனாவின் சுவான்சோ நகரத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அங்கே தமிழ் வியாபாரிகளுக்குச் சிவன் கோயிலே இருந்தது. இன்னொண்ணு கொழும்பு அருங்காட்சியகத்தில். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டு வந்து காலியில் நிறுத்திய, 1409-ஆம் ஆண்டுக் கல். சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி. இந்தக் கடலில் தமிழ் இல்லாம வேலை ஆகாதுன்னு சீனப் பேரரசருக்கே தெரிஞ்சிருந்தது!

இப்போ நம்ம நோட்டு

சரி, முதல் கேள்விக்கு வருவோம். சுரங்கம் வந்தப்போ ஊர்கள் இடம் மாறின. வீடு, வயல், முந்திரித் தோப்பு, குளம் எல்லாம் இருந்த மண்ணை வெட்டிக் குவிச்சாச்சு. கங்கைகொண்டசோழபுரத்தில் அரண்மனை இடிஞ்சாலும் அடியில் பீங்கான் துண்டு கிடந்தது. சுரங்கத்தில் அதுக்கும் வழியில்லை. இங்கே இனிமே யாரும் தோண்டி எதையும் கண்டுபிடிக்க முடியாது. தோண்டியாச்சு! அந்த ஊர்கள் மிச்சம் இருக்கிறது ஒரே இடத்துல. உங்க தாத்தா, ஆயா ஞாபகத்துல.

அவங்களுக்கு இப்போ என்ன வயசுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு 100 பக்க நோட்டு வாங்குங்க. தாத்தா பக்கத்துல உட்காருங்க. ஊர் பேர் என்ன? குளம் எந்தப் பக்கம்? என்ன பயிர் வெச்சீங்க? பக்கத்து வீடு யாருது? கிளம்பின அன்னிக்கு எதை எடுத்துக்கிட்டு வந்தீங்க, எதை விட்டுட்டு வந்தீங்க? தாத்தா சொல்ற பாஷையிலேயே எழுதுங்க. தேதியும், சொன்னவர் பேரும் மறக்காதீங்க. தாள் எடுத்து, அவரையே ஊர் வரைபடம் போடச் சொல்லுங்க, கோணல்மாணலா இருந்தாலும் பரவாயில்லை.

வெளியூர்லேருந்து வேலைக்கு வந்த குடும்பமா? உங்களுக்கும் வேலை இருக்கு. முதல் நாள் ஷிஃப்ட் எப்படி இருந்தது, குவார்ட்டர்ஸ் சாவி கையில் வாங்கினப்போ என்ன தோணுச்சு, மண்ணுக்குள்ள கறுப்பு முதல்ல தெரிஞ்சப்போ எப்படி இருந்தது? கேளுங்க, எழுதுங்க.

“போன்ல ரெக்கார்டு பண்ணிடறேனே”ங்கறீங்களா? பண்ணுங்க. ஆனா போன பழைய போன்ல இருந்த போட்டோ எல்லாம் இப்போ எங்கே இருக்கு? அதனாலதான் சொல்றேன், காகிதத்துலயும் ஒரு பிரதி. சாய் லுன் சரக்கு, ரெண்டாயிரம் வருஷ கேரண்டி!

வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி நடத்திப் பேர் வாங்கின ஊர் இது. அந்த ஸ்டால்கள்ல நெய்வேலிப் பிள்ளைகளே எழுதின ‘எங்க தாத்தா ஊர்’ புத்தகம் ஒரு நாள் இருந்தா எப்படி இருக்கும்?

சிமா சியான் மாதிரி உங்களை யாரும் தண்டிக்கப் போறதில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மத்தியானம். அவ்வளவுதான் செலவு. தாத்தா தூங்கி எழுந்திருச்சதும் ஆரம்பிச்சிடுங்க!